எக்ஸ்ரே எடுக்கக் காசு இல்லை: ஒரு சுரங்கமும் 538 வழக்குகளும்

ஒரு வழக்கு போட என்னவெல்லாம் வேண்டும்? நியாயம் வேண்டும், சாட்சி வேண்டும், நல்ல வக்கீல் வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போவோம். பணம் கடைசியாகத்தான் ஞாபகத்துக்கு வரும். 1930களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் ஒரு தாய்க்கு அதுதான் முதலில் வந்து நின்றது.

அவருடைய மூன்று மகன்கள் ஒரே இடத்தில் வேலை பார்த்தார்கள். மலையைக் குடைந்து சுரங்கம் போடும் வேலை. மூன்று பேருமே மூச்சுத் திணறிப் படுத்துவிட்டார்கள். அவர் நம்பிய ஒரே மருத்துவரிடம் போய் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கச் சொன்னார். யார் காசு கொடுப்பார்கள் என்று தெரியாமல் மருத்துவர் தயங்கினார். "நஷ்டஈடு வாங்கித் தர உதவுங்கள், வருவதில் பாதி உங்களுக்கு" என்கிற மாதிரி அந்த அம்மா பேரம் பேசிப் பார்த்தார். அதற்கும் அவர் அசையவில்லை. கடைசியில் அந்தத் தாய் சாலையில் இறங்கிப் பிச்சை எடுத்து எக்ஸ்ரேவுக்குக் காசு சேர்த்தார். சார்ல்ஸ்டன் நகர மருத்துவமனையில் படம் எடுத்தார்கள். படம் கைக்கு வந்த பிறகுதான் மருத்துவர் விஷயத்தைக் கையில் எடுத்தார். வரிசையாக வந்த வழக்குகளில் முதலாவது அந்த மகனுடையது.

இது கதை அல்ல. 1936-ல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் துணைக்குழு ஒன்று நடத்திய விசாரணையில் பதிவானது. ஜோன்ஸ் குடும்பம் என்று அங்கே குறிப்பிடுகிறார்கள்.

அந்தச் சுரங்கத்தின் பெயர் ஹாக்ஸ் நெஸ்ட். தமிழில் சொன்னால் பருந்துக் கூடு. கௌலி பிரிட்ஜ் என்ற சின்ன ஊருக்குப் பக்கத்தில், நியூ ரிவர் என்ற ஆற்றை ஓரிடத்தில் அணை கட்டி மறித்து, மலைக்குள் சுமார் 5 கிலோமீட்டர் நீளத்துக்குச் சுரங்கம் வெட்டி, அதன் வழியே தண்ணீரை விழச் செய்து மின்சாரம் எடுக்கும் திட்டம். மின்சாரம் ஊருக்கு இல்லை. யூனியன் கார்பைடு நிறுவனத்தின் உலோக ஆலைக்கு. (ஆமாம், அதே யூனியன் கார்பைடுதான். பிறகு வருவோம்.) யூனியன் கார்பைடு இதற்கென்று ஒரு துணை நிறுவனத்தை உண்டாக்கியது. அந்தத் துணை நிறுவனம் ரைன்ஹார்ட் அண்ட் டென்னிஸ் என்ற காண்டிராக்டரிடம் வேலையைக் கொடுத்தது. ஆக, பொறுப்பு யாருடையது என்று கேட்டால் கை நீட்டிக் காட்ட ஆள் மேல் ஆள்.

1930 மார்ச் இறுதியில் வேலை ஆரம்பம். அமெரிக்கா பெரும் பொருளாதார மந்தத்தில் மூழ்கிக்கொண்டிருந்த நேரம். ஒரு வேளைச் சோற்றுக்காக எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வந்தார்கள். சுரங்கத்துக்கு உள்ளே வேலை செய்தவர்கள் ஏறக்குறைய 3,000 பேர். அவர்களில் பெரும்பாலோர் தென் மாநிலங்களிலிருந்து வந்த கறுப்பினத்தவர்.

மலையின் பாறையில் இருந்தது சிலிக்கா, அதுவும் பல இடங்களில் கிட்டத்தட்டக் கலப்பே இல்லாத சிலிக்கா. உலோக ஆலைக்கு அது தங்கம் மாதிரி. அதனால் சில பகுதிகளில் சுரங்கத்தைத் தேவைக்கு மேல் அகலமாக்கி வெட்டினார்கள். பாறையில் துளை போடும்போது தண்ணீர் விட்டுக்கொண்டே போட்டால் தூசி அடங்கும். ஆனால் வேலை மெதுவாகும். எனவே பெரும்பாலும் காய்ந்த துளைதான். உள்ளே விளக்கு வெளிச்சம் தெரியாத அளவுக்கு வெள்ளைத் தூசி. தொழிலாளர்களுக்கு முகமூடி கிடையாது. பார்வையிட வந்த பெரிய மனிதர்கள் மட்டும் முகமூடி போட்டிருந்தார்கள் என்று பிறகு சாட்சி சொன்னார்கள்.

சிலிக்கா தூசி நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது. அங்கேயே தங்கி, நுரையீரலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தழும்பாக்கிவிடும். நோயின் பெயர் சிலிக்கோசிஸ். வழக்கமாக இந்த நோய் முற்றப் பல வருடம் ஆகும். ஹாக்ஸ் நெஸ்டில் தூசி அவ்வளவு அடர்த்தி என்பதால் சில மாதங்களிலேயே ஆட்கள் விழ ஆரம்பித்தார்கள். கம்பெனி டாக்டர்கள் அதை நிமோனியா என்றார்கள். "டனலைட்டிஸ்" என்று ஒரு பெயரும் வைத்தார்கள். சுரங்கக் காய்ச்சல் என்கிற மாதிரி! கறுப்பு மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். எத்தனை பேர் செத்தார்கள் என்பதில் இன்றுவரை ஒரே கணக்கு இல்லை. கம்பெனி ஒப்புக்கொண்டது 109. நாடாளுமன்ற விசாரணையில் சொல்லப்பட்டது 476. 1986-ல் மார்ட்டின் செர்னியாக் என்ற மருத்துவர் புத்தகமாக எழுதிய ஆய்வில் வந்த மதிப்பீடு 764. ஊருக்குத் திரும்பிப் போய் அங்கே செத்தவர்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

பாறை சரிந்து விழுந்தால் அது விபத்து என்று எல்லோருக்கும் தெரியும். தூசி அப்படி இல்லை. அதனால்தான் அந்த எக்ஸ்ரே படம் அவ்வளவு முக்கியமாக இருந்தது. அது இல்லாமல் வழக்கே இல்லை. ஜோன்ஸ் வீட்டுக் கடைசி மகன் சாவதற்கு முன் தாயிடம் ஒன்று கேட்டுக்கொண்டானாம். தான் இறந்த பிறகு உடலை அறுத்துப் பார்க்கச் சொல், தூசிதான் கொன்றது என்று தெரிந்தால் நஷ்டஈடு வாங்கு, நாங்கள் போன பிறகு உனக்குப் பிழைக்க வேறு வழி இருக்காது என்று. வழக்குக்கு அவனால் கொடுக்க முடிந்த முதலீடு தன் உடல் ஒன்றுதான்.

இப்போது, அந்தத் தாய் மருத்துவரிடம் பேசிய பேரத்துக்குத் திரும்புவோம். "வருவதில் பாதி உனக்கு" என்பது நமக்கு ரொம்பச் சாதாரணமாகத் தெரியும். நிலம் ஒருவருடையது, உழைப்பும் விதையும் இன்னொருவருடையது, விளைந்ததில் பங்கு. நம் ஊரில் இதற்கு வாரம் என்று பெயர். ஆங்கிலேயச் சட்டத்தில் வழக்கை வாரத்துக்கு விடுவது பல நூற்றாண்டுகள் குற்றமாக இருந்தது! அந்தக் குற்றத்தின் பெயர் சாம்பர்ட்டி. அந்தச் சொல்லே "வயலில் பங்கு" என்ற பொருள் தரும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்ததுதான். அதாவது அசல் வாரம்.

ஏன் குற்றம்? 13-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பிரபுக்களும் அரச அதிகாரிகளும் அடுத்தவன் நிலத் தகராறில் காசு போட்டு, ஜெயித்தால் நிலத்தில் பங்கு என்று பேசி வைத்துக்கொண்டு, தங்கள் செல்வாக்கால் நீதிமன்றத்தை வளைத்தார்கள். 1275-ல் முதலாம் எட்வர்ட் மன்னரின் வெஸ்ட்மின்ஸ்டர் சட்டம் அரச அதிகாரிகள் இப்படிச் செய்வதைத் தடை செய்தது. பின்னால் தடை எல்லோருக்கும் விரிந்தது. ஏழைக்கு யாரும் காசு கொடுத்து வழக்கு நடத்தக் கூடாது என்று யாரும் நினைத்துச் செய்ததல்ல. பணக்காரனைக் கட்டுப்படுத்த வந்த சட்டம் அது. ஆனால் அறுநூறு வருடம் கழித்துத் தொழிற்சாலையும் ரயிலும் வந்தபோது, அதே சட்டம் கை கால் போன தொழிலாளியின் வாசலில் வந்து படுத்துக்கொண்டது. இங்கிலாந்தில் இதைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்தது 1967-ல்தான்.

அமெரிக்கா கொஞ்சம் முன்னாடியே வேறு வழிக்குப் போனது. 19-ஆம் நூற்றாண்டிலேயே அங்கே பல மாநிலங்களில் வக்கீல்கள் "ஜெயித்தால் பங்கு, தோற்றால் ஒன்றும் வேண்டாம்" என்ற முறையில் வழக்கு எடுக்க ஆரம்பித்தார்கள். பெரிய இடத்து வக்கீல்கள் இவர்களைக் கேவலமாகப் பேசினார்கள். ஆம்புலன்ஸ் பின்னால் ஓடுகிறவர்கள் என்று பெயர் வைத்தார்கள். கம்பெனிக்காக வாதாடிக் கூலி வாங்குவது கௌரவம், செத்தவன் வீட்டுக்காக வாதாடிப் பங்கு வாங்குவது கேவலம்... என்ன நியாயமோ! எது எப்படியோ, காசில்லாதவனுக்குக் கோர்ட்டுக் கதவைத் திறந்துவிட்டது இந்த முறைதான். அதையும் மறுக்க முடியாது.

ஹாக்ஸ் நெஸ்ட் வழக்குகளும் அப்படித்தான் நடந்தன. மேற்கு வர்ஜீனியாவில் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1913 முதலே இருந்தது. ஆனால் சிலிக்கோசிஸ் அதில் இடம்பெறவில்லை. ஆகவே நேரடியாகக் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். மொத்தம் 538 வழக்குகள். எக்ஸ்ரே, நிபுணர் சாட்சி, பயணச் செலவு எல்லாவற்றையும் வக்கீல்கள் போட்டார்கள், வருவதில் பாதி என்ற கணக்கில்.

முதல் வழக்கு 1933 மார்ச்சில் விசாரணைக்கு வந்தது. வாரக்கணக்கில் நடந்தது. மாநிலச் சுரங்கத் துறைத் தலைவர், 1931-ல் தூசியைப் பற்றி எச்சரித்துக் கடிதம் எழுதியவர், கோர்ட்டில் வந்து கம்பெனிப் பக்கம் சாட்சி சொன்னார். ஜூரிகளுக்குள் ஒருமித்த முடிவு வரவில்லை. ஜூரியில் ஆள் பிடித்துவிட்டார்கள் என்று புகாரும் கிளம்பியது. அதாவது ஜெயிக்கவும் இல்லை, தோற்கவும் இல்லை. மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

மறுபடி ஆரம்பிக்கக் கம்பெனிக்கு என்ன கஷ்டம்? காலம் அவர்கள் பக்கம். வழக்குப் போட்டவர்களோ மூச்சு வாங்கிக்கொண்டு கோர்ட்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தவர்கள். நிறையப் பேர் முகாம்களிலிருந்து துரத்தப்பட்டு ஊர் ஊராகப் போய்விட்டார்கள். ஜோன்ஸ் குடும்பத்துக்கு வாரம் 2 டாலர் அரசு நிவாரணம் வந்தது. அதை வாங்க அந்த அம்மா போகிற வண்டியை நிறுத்தி ஏறி 18 மைல் போய் வந்தார். ஒரு வாரம் மாட்டுக்குத் தீவனம், அடுத்த வாரம் பிள்ளைகளுக்கு மாவு. கணவருக்கும் அதே நோய். இப்படிப்பட்டவர்களிடம் போய் "இன்னும் இரண்டு வருடம் பொறுங்கள், நல்ல தீர்ப்பு வரும்" என்று யார் சொல்வது?

1933 ஜூனில் சமரசம் பேசினார்கள். நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட வழக்குகளுக்குச் சேர்த்து 1,30,000 டாலர். அதில் பாதி வக்கீல்களுக்கு. மீதியைத் தலைக்கு இவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால் நானூறு டாலர் சொச்சம். ஆனால் சமமாகப் பிரிக்கவில்லை. 30 டாலர் வாங்கியவரும் உண்டு, 1,600 டாலர் வாங்கியவரும் உண்டு. கறுப்பினத்தவருக்கு வெள்ளையரைவிடக் குறைவு. ஒரே சுரங்கம், ஒரே தூசி. நுரையீரலுக்கு நிறம் உண்டு என்று கணக்கு எழுதியவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. அடுத்த சுற்றில் மீதி வழக்குகளுக்கு வந்தது 70,000 டாலர்தான்.

இதைவிட மோசமான விஷயம் பிறகுதான் வெளியே வந்தது. தொழிலாளர் தரப்பு வக்கீல் நிறுவனம் ஒன்று, எதிர்த்தரப்பிடமிருந்து ரகசியமாக 20,000 டாலர் வாங்கியிருந்தது. பேரம் என்ன? வழக்குக் கோப்புகளை ஒப்படைத்துவிட வேண்டும், இனி இந்த விஷயத்தில் புதிதாக வழக்கு எடுக்கக் கூடாது.

கோப்பு என்றால் வெறும் காகிதமா? எக்ஸ்ரே படங்கள், வாக்குமூலங்கள், மருத்துவச் சான்றுகள். பிச்சை எடுத்துச் சேர்த்த காசில் எடுத்த படம் மாதிரியானவைதான் எல்லாம்.

எழுநூறு வருடமாகச் சட்டம் எதைக் கண்டு பயந்தது? காசு போடுகிறவன் பொய் வழக்கைத் தூண்டிவிடுவான், சமரசத்தைத் தடுத்து வழக்கை இழுத்தடிப்பான் என்று. ஹாக்ஸ் நெஸ்டில் நடந்தது நேர் எதிர். வழக்கு உண்மை. காசு போட்டவர்கள் அதை இழுத்தடிக்கவில்லை, அவசரமாக முடித்தார்கள், அதுவும் எதிராளியிடமே விற்று முடித்தார்கள். சீக்கிரம் முடிந்தால் போட்ட காசு சீக்கிரம் திரும்பும். இழந்தவர்களுக்கு அதைத் தட்டிக் கேட்க இன்னொரு வக்கீல் வேண்டும். அதற்கு இன்னொரு முறை காசு வேண்டும்.

1935-ல் மேற்கு வர்ஜீனியா சிலிக்கோசிஸுக்கு ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஏற்கெனவே விழுந்து கிடந்த ஹாக்ஸ் நெஸ்ட் ஆட்களுக்கு அதனால் பிரயோஜனம் இல்லை. 1936 ஜனவரியில் நாடாளுமன்றத் துணைக்குழு கூடியபோது ஃபிலிப்பா ஆலன் என்ற சமூகப் பணியாளர் முதல் சாட்சியாக வந்து, தான் நேரில் போய்த் திரட்டியதை எல்லாம் சொன்னார். நாடு முழுவதும் பத்திரிகைகளில் செய்தி. முழு விசாரணை வேண்டும் என்று குழு கேட்டது. நடக்கவில்லை. ஆனால் பல மாநிலங்கள் சிலிக்கோசிஸை இழப்பீட்டுச் சட்டத்தில் சேர்க்க இந்தப் பரபரப்பு ஒரு காரணம். 1938-ல் மியூரியல் ருக்கைசர் என்ற கவிஞர் இதை ஒரு நெடுங்கவிதையாக எழுதினார். சாட்சியங்களையே கவிதையாக்கியிருந்தார்.

அந்தத் தாய் நின்ற இடம், அதாவது விபத்துக்கும் தீர்ப்புக்கும் நடுவில் சாப்பாட்டுக்கு வழியில்லாத அந்த இடைவெளி, பிற்பாடு ஒரு தொழிலாகவே ஆகிவிட்டது. 1990களிலிருந்து அமெரிக்காவில், வழக்கு முடிவதற்கு முன்பே பணம் கொடுக்கும் நிறுவனங்கள் முளைத்தன. கட்டடத்திலிருந்து விழுந்தவர், கார் மோதியவர் என யார் வழக்குப் போட்டிருந்தாலும், வரப்போகும் நஷ்டஈட்டை நம்பி முன்பணம். தோற்றால் திருப்பித் தர வேண்டாம். வாடகை கட்டலாம், மளிகை வாங்கலாம், கம்பெனி நீட்டும் சொற்பத் தொகையை அவசரப்பட்டு வாங்காமல் இருக்கலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. விலை?

ஓஹாயோ மாநிலத்தில் கார் விபத்து வழக்கு நடத்திய ஒரு பெண்ணுக்கு ஒரு நிறுவனம் 6,000 டாலர் கொடுத்தது. ஒரு வருடத்துக்குள் வழக்கு முடிந்தால் 16,800 திருப்பித் தர வேண்டும். இரண்டு வருடம் ஆனால் 27,600. நம் ஊர் மீட்டர் வட்டிக்காரரே வெட்கப்படுவார்! 2003-ல் ஓஹாயோ உச்ச நீதிமன்றம் அந்த ஒப்பந்தம் செல்லாது என்றது. காரணம் சுவாரசியமானது. வக்கீல் பங்கும் கடனும் போக, முதல் 28,000 டாலர் வரை அந்தப் பெண் கைக்கு ஒன்றுமே வராது, ஆகவே அதற்குக் கீழே எந்தச் சமரசத்துக்கும் அவர் சம்மதிக்க மாட்டார், இது வழக்கை இழுத்தடிக்கத் தூண்டும் என்பது. அதே பழைய சாம்பர்ட்டி பயம். ஆனால் 2008-ல் அந்த மாநிலச் சட்டசபையே விதிமுறைகளோடு இந்தத் தொழிலை அனுமதித்துவிட்டது. தேவை இருக்கும் வரை கடைக்காரர் வருவார் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

இந்தியாவில் இந்தக் கேள்விக்கு ரொம்ப முன்னாடியே ஒரு பதில் கிடைத்தது. 1876-ல் கல்கத்தாவிலிருந்து போன ஒரு வழக்கில் லண்டன் பிரிவி கவுன்சில், இங்கிலாந்தின் சாம்பர்ட்டி சட்டம் இந்தியாவில் அப்படியே செல்லாது, பங்குக்காக இன்னொருவர் வழக்குக்குப் பணம் கொடுப்பது அதனாலேயே தவறாகிவிடாது என்றது. நியாயமான பேரமா, கழுத்தை நெரிக்கும் பேரமா என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். வக்கீல்கள் மட்டும் இங்கே பங்கு பேசக் கூடாது.

யூனியன் கார்பைடுக்குப் பிறகு வருவோம் என்று மேலே சொன்னது இங்கேதான். 1984 டிசம்பரில் போபாலில் விஷவாயு கசிந்த சில நாட்களிலேயே அமெரிக்க வக்கீல்கள் விமானம் ஏறி வந்து, பங்கு முறையில் வழக்கு நடத்தக் குடிசை குடிசையாகப் போய்க் கைநாட்டு வாங்கினார்கள். 1985-ல் மத்திய அரசு ஒரு சட்டம் போட்டு, பாதிக்கப்பட்ட எல்லோருக்காகவும் வழக்கு நடத்தும் உரிமையைத் தானே எடுத்துக்கொண்டது. ஆம்புலன்ஸ் வக்கீல்களிடமிருந்து மக்கள் தப்பித்தார்கள் என்று பேச்சு. 1987 டிசம்பரில் போபால் மாவட்ட நீதிபதி, தீர்ப்பு வரும் வரை மக்கள் உயிரோடு இருக்க வேண்டுமே என்று இடைக்கால நிவாரணமாக 350 கோடி ரூபாய் கொடுக்க உத்தரவிட்டார். 1988-ல் உயர் நீதிமன்றம் அதை 250 கோடியாகக் குறைத்தது. யூனியன் கார்பைடு அதையும் கட்டாமல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1989 பிப்ரவரியில் 47 கோடி டாலருக்கு அரசு சமரசம் செய்துகொண்டது. பாதிக்கப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை. மாதம் 200 ரூபாய் இடைக்கால உதவி வர ஆரம்பித்தது 1990-ல். வழக்கை நடத்தியது வக்கீல் இல்லை, கடன் கம்பெனி இல்லை, சொந்த அரசாங்கம்தான். இருந்தும் வழக்குக்கு உரியவர்கள் நின்ற இடம் என்னவோ அந்த மேற்கு வர்ஜீனியா கோர்ட்டு வராந்தா மாதிரியேதான் இருந்தது.

ஹாக்ஸ் நெஸ்டில் பணம் தாமதமில்லாமல் வந்த இடம் ஒன்று இருந்தது. கறுப்பினத் தொழிலாளர்கள் இறந்தால், வெள்ளையர் இடுகாடுகளில் இடம் கிடைக்காது. சம்மர்ஸ்வில் என்ற ஊரிலிருந்த பிணம் அடக்கம் செய்பவர் ஒருவருடன் காண்டிராக்டர் ஏற்பாடு செய்துகொண்டார். உடல் ஒன்றுக்கு 55 டாலர் என்று 1936 விசாரணையில் சொல்லப்பட்டது. அவர் தன் தாயின் நிலத்தில் அவர்களைப் புதைத்தார். எக்ஸ்ரே கிடையாது, பிரேதப் பரிசோதனை கிடையாது, பெயர்ப் பலகையும் கிடையாது. 1972-ல் நெடுஞ்சாலையை அகலப்படுத்தியபோது அங்கிருந்த உடல்களைத் தோண்டி எடுத்து வேறிடத்தில் புதைத்தார்கள். அந்த இடத்தைச் சுத்தப்படுத்தி, கல்லறைத் தோட்டமாக மறுபடி அர்ப்பணித்தது 2012-ல். சுரங்கத்தில் தண்ணீர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.